பார்ட்டி லைன்ல இருக்காங்க

எங்கள் வீட்டில் இன்டர்நெட் போனைப் பொருத்தியது நான்தான். என் கணவர் இல்லை, மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளையின் வைட்ஃபீல்ட் சிநேகிதர் இல்லவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது பேச்சு வந்தால் ஆளாளுக்கு "நாம போட்டோமே" என்கிறார்கள். என்ன நாம? ஒயரைப் பல்லால் கடித்துச் சீவியது யார்? அதற்குப் பதில் சொல்லட்டும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் டெலிபோன் ஆபரேட்டர். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் இருந்த டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தேன். காதில் ஹெட்செட், முன்னால் ஓட்டை ஓட்டையாக, கால் வந்தால் சிமிட்டும் குட்டி விளக்குகளோடு ஒரு பலகை, கையில் செருகுவதற்குக் கார்டு என்கிற ஒயர். யாராவது சேலத்துக்கு கால் கேட்பார்கள். நான் சேலத்து ஆபரேட்டரைப் பிடித்து, அந்த முனையில் ஆள் வந்ததும் இந்த முனைக்குச் சொல்வேன்: "பார்ட்டி லைன்ல இருக்காங்க, பேசுங்க." தமிழருக்குத் தமிழில், மற்றவர்களுக்குக் கன்னடத்தில், உருதுவில், ஆங்கிலத்தில். சொன்ன கையோடு பலகையில் இருக்கும் சாவியைத் தள்ளிவிட்டு லைனிலிருந்து விலகிவிட வேண்டும். ஒட்டுக் கேட்கக் கூடாது, அது கண்டிப்பான விதி. எத்தனை வீட்டில் குழந்தை பிறந்த சேதி என் கைவழியாகப் போயிருக்கும்! பிறந்தது பெண்ணா பையனா என்று எனக்குத் தெரியாது. மூன்று நிமிடம் ஆனதும் மட்டும் உள்ளே புகுந்து, நேரம் முடிந்தது என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. அதற்கு மட்டும் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள்.

என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாவு சலிக்கும் சல்லடையைச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஓட்டைகளில் தென்னங்குச்சியைச் செருகுவாள். மூக்கால் பேசுகிற என் ஆபீஸ் குரலை அப்படியே எடுத்து, "பார்ட்டி லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்பாள். எதிர்முனையில் பொம்மை பேசும். மூன்று நிமிடம் முடிவதற்குள்ளேயே கட் பண்ணிவிடுவாள், அவ்வளவு கறார்.

பிறகு எஸ்.டி.டி. வந்தது. ஊர் மொத்தமும் தானே நம்பர் சுழற்றக் கற்றுக்கொண்டது. எங்கள் பலகையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். என்னை நம்பர் சொல்லும் விசாரணைப் பிரிவில் போட்டார்கள், அங்கிருந்து ஓய்வுபெற்று ஜீவனஹள்ளி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். மகள் படித்து, கட்டிக்கொண்டு, டெக்சாஸ் போய்விட்டாள்.

இரண்டாயிரங்களின் நடுவில் அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு முறை விசாவுக்குப் போனேன், இரண்டு முறையும் கிடைக்கவில்லை. இரண்டாவது முறை திரும்பி வந்த அன்று அவள் போன் செய்தபோது சேதியைச் சொன்னேன். அவள் சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்கும்மா. நீ வராட்டிப் பரவால்ல. வலி வர்றப்ப உன் குரல் காதுல இருந்தாப் போதும்."

போதும் என்று சொல்லிவிட்டாள், அது எப்படி நடக்கும்? பிரசவ அறையில் செல்போனை அணைத்துவிட வேண்டுமாம். கட்டில் பக்கத்தில் ஒரு போன் உண்டு, ஆனால் அதில் உள்ளூர் நம்பர் மட்டும்தான் போகும். காலிங் கார்டு போட்டாலும் வெளிநாட்டுக்குப் போகாது. எங்கள் லேண்ட்லைனில் ஐ.எஸ்.டி. கிடையாது. ஆஸ்பத்திரியே பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். கைக்கு அடக்கமான பெட்டி. அதற்கு அவர்கள் ஊர் நம்பர் ஒன்று கொடுப்பார்கள். அதைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து நம் இன்டர்நெட்டில் செருகினால் போதும், மகள் பக்கத்துத் தெருவுக்குப் பேசுகிற மாதிரி நம்பர் அழுத்துவாள், மணி ஜீவனஹள்ளியில் அடிக்கும். ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டிக்குள், சாக்லேட் பொட்டலங்களுக்கு நடுவில், அது வந்து சேர்ந்தது.

"அத்தே, நீங்க ஒண்ணும் தொட வேணாம்," என்றார் மாப்பிள்ளை. "வைட்ஃபீல்ட்ல என் ஃப்ரெண்ட் இருக்கான். சண்டே வந்து செட் பண்ணிக் குடுத்துடுவான்."

முதல் ஞாயிறு "ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் ஆண்டி" என்றான். இரண்டாவது ஞாயிறு "டின் ஃபேக்டரி கிட்ட ஒரே டிராஃபிக் ஜாம் ஆண்டி, திரும்பிட்டேன்" என்றான். இரண்டு நாளும் கேசரி கிண்டி வைத்துக் காத்திருந்தேன். மூன்றாவது ஞாயிறு போனையே எடுக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்! போனே எடுக்காதவன் வந்து போன் மாட்டுவானா?

"இன்னும் ஒரு வாரம் பாக்கலாமே," என்றார் என் கணவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று தடவை தள்ளிப்போட்டுப் பார்ப்பார்.

"பிள்ளை ஒரு வாரம் பாக்குமாங்க? அது வர்ற நேரத்துக்கு வரும்," என்றேன்.

திங்கட்கிழமை காலை அவர் நடைப்பயிற்சிக்குப் போனதும் பெட்டியைப் பிரித்தேன். முதலில் பார்த்தது கரண்ட். அமெரிக்கச் சாமானை நம் ஊர்க் கரண்டில் செருகினால் புகைந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அடாப்டரின் முதுகில் எறும்பு எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டு, ஜன்னலோரம் நின்று படித்தேன். நூறிலிருந்து இருநூற்று நாற்பது வரை தாங்கும். சரி. ஆனால் அதன் தட்டைப் பின் நம் ஓட்டையில் போகாது. பிரேசர் டவுனில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன்.

"அமெரிக்கா மாலா மேடம்? பாத்து, சொருகுனா டமால்னு போயிடும்," என்றார்.

"படிச்சுப் பாத்துட்டுதான் வந்திருக்கேன் பாய். இருநூத்து நாப்பது தாங்கும். நீங்க பின்னை மட்டும் குடுங்க."

"அரே, ஷாபாஷ்!" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார். அந்த ஷாபாஷை வீடுவரை சிரித்துக்கொண்டே சுமந்து வந்தேன்.

மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிப் பெட்டியில் செருகினேன். பெட்டியின் இன்னொரு ஓட்டையில், வீட்டில் சும்மா கிடந்த பழைய டெலிபோன். எடுத்துக் காதில் வைத்தால், ஒன்றுமில்லை. ஒரு விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கழற்றிக் கழற்றி மாட்டினேன். இரண்டு நாள் அப்படியே போனது. என் கணவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "ம்ம்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போனார். அந்த "ம்ம்" இருக்கிறதே, திட்டினால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் தோசை ஊற்றும்போது பிடிபட்டது. நாங்கள் தினமும் இன்டர்நெட் பார்க்க என்ன செய்வோம்? கம்ப்யூட்டரைப் போட்டு, பயனர் பெயரும் ரகசியச் சொல்லும் அடித்து, "கனெக்ட்" என்பதை அழுத்துவோம். அப்படியென்றால் இணைத்துக் கொடுப்பது கம்ப்யூட்டர். அதுதான் ஆபரேட்டர்! நான் என்ன செய்திருக்கிறேன்? ஆபரேட்டரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கால் புக் செய்த பார்ட்டியைப் பலகை முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். அது விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அடிப்பாவி, இருபத்தாறு வருடம் அந்தச் சிமிட்டலுக்குத்தானே சம்பளம் வாங்கினாய்!

தோசையைக் கருகவிட்டுவிட்டு ஓடினேன். அந்த இணைக்கும் வேலையை மோடத்துக்கே கொடுத்துவிடலாம் என்று அதன் புத்தகத்தில் இருந்தது. ஒயரை மறுபடி கம்ப்யூட்டரில் மாட்டி, மோடத்தின் பக்கத்தைத் திறந்து, அதற்குள்ளேயே பயனர் பெயரையும் ரகசியச் சொல்லையும் எழுதி வைத்தேன். எல்லாவற்றையும் அணைத்து, ஒயரைத் திரும்பப் பெட்டிக்கு மாற்றினேன். முதலில் மோடத்தைப் போட்டேன். அதன் விளக்குகள் நிலைத்ததும் பெட்டியைப் போட்டேன். ரிசீவரைக் காதில் வைத்தேன்.

டயல் டோன். நம் ஊர் டயல் டோன் இல்லை. நம்முடையது சற்று அதிரும், இது வழவழவென்று இரண்டு சுருதி சேர்ந்த முனகல். யாருக்குக் காட்டினாலும் ஒரே மாதிரி என்பார்கள், என் காதுக்குத் தெரியாதா? எங்கள் வீட்டு அலமாரிமேல் அமெரிக்க எக்ஸ்சேஞ்ச் வந்து உட்கார்ந்திருந்தது, அதைக் கொண்டுவந்தது நான். கூடத்தின் நடுவில் நின்று தனியாகக் கை தட்டிக்கொண்டேன்.

மகள் அடித்துப் பார்த்தாள். பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. "அம்மா, நீயேவா போட்ட? நிஜமாவா?" என்று நாலு தடவை கேட்டாள். மாப்பிள்ளை வாங்கி, "அத்தே, நீங்க என் கம்பெனியில வேலைக்கு வந்துடுங்க," என்றார். லேண்ட்லைன் பார்க்க வந்த பழைய ஆபீஸ் லைன்மேன், "மேடம், நீவே மாடிதிரா?" என்று கன்னடத்தில் வாயைப் பிளந்தார். ஆமாம்ப்பா, நானேதான் செய்தேன். காய்கறி வண்டிக்காரரிடம்கூடச் சொன்னேன். பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தப் பெருமையில்தான் கோட்டை விட்டேன்.

ஒரு புதன்கிழமை நண்பகல். அவர்களுக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். மாப்பிள்ளை அடித்தார். "அத்தே, பனிக்குடம் உடைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரி கிளம்புறோம். அட்மிட் ஆனதும் ரூம் போன்ல இருந்து அவளே கூப்பிடுவா. இனிமே என் செல் ஆஃப்ல இருக்கும்." பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது: "அம்மா, நான் அடிச்சா நீதான் எடுக்கணும்!"

சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அரை மணி ஆகியிருக்கும், மின்விசிறி நின்றது.

"கரண்ட் போச்சு," என்றார் என் கணவர். "போன் வேலை செய்யுமா?"

"கரண்டுக்கும் போனுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன். அவ்வளவு அலட்சியம் எனக்கு. என் வாழ்நாளில் கரண்ட் போய் டெலிபோன் செத்து நான் பார்த்ததே இல்லை. புயலடித்து ஊரே இருட்டிக் கிடந்த நாட்களிலும் எங்கள் பலகையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு நிமிடம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் அலமாரிமேல் பார்த்தேன். பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. ரிசீவரை எடுத்தேன். வெறும் பிளாஸ்டிக்.

வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருப்பார்களா? இன்டர்நெட் பார்க்கிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், கரண்ட் போனால் மோடம் போகும் என்று. டெலிபோன்காரிக்கு மட்டும்தான் அது தோன்றாமல் போகும்.

மின்சார ஆபீசுக்கு லேண்ட்லைனில் அடித்தேன். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு மரம் கம்பிமேல் விழுந்துவிட்டதாம், மூன்று மணி நேரமாவது ஆகுமாம். தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்துக்கு ஓடலாம் என்றால் எந்த நம்பருக்கு அடிப்பது? எந்த அறை என்று தெரியாது, மாப்பிள்ளையின் செல் அணைந்து கிடக்கிறது. அங்கே அவள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அடித்து அடித்துப் பார்ப்பாள். நான் எடுக்கமாட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதற்கென்ன, உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம், மறுபடி கையில் எடுத்த லேண்ட்லைன் ரிசீவரில் டயல் டோன் ஓடிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. ஊருக்குள் கரண்ட் இல்லை, இது மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது? எக்ஸ்சேஞ்சின் கீழ்த்தளத்தில் பேட்டரி அறை ஒன்று இருக்கும். ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாகப் பேட்டரிகள், உள்ளே போனாலே மூக்கில் ஏறும் ஒரு நெடி. வெளியே கரண்ட் போனால் அவை தாங்கும். எங்கள் இன்டர்நெட்டும் இதே டெலிபோன் கம்பியில்தான் வருகிறது. அப்படியென்றால் கம்பி வரைக்கும் எல்லாம் சரி. செத்தது என் வீட்டுக்குள் இருக்கும் இரண்டே பெட்டிகள். எனக்கு வேண்டியது ஒரு பேட்டரி அறை.

மோடத்தின் அடாப்டரைத் திருப்பிப் படித்தேன், பன்னிரண்டு வோல்ட். பெட்டியின் அடாப்டர், அதுவும் பன்னிரண்டு.

"என்னங்க," என்றேன், "கார் பேட்டரி எத்தனை வோல்ட்டு?"

"பன்னெண்டு. ஏன்?" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "வேணாம். காரைத் தொடாதே."

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய வெள்ளைக் கார். வாரம் ஒருமுறை அதற்குக் குளியல், தினமும் போர்வை. அதில் நான் முறுக்கு தின்னக்கூட அனுமதி கிடையாது.

"அங்க நம்ம பொண்ணு கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க," என்றேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

"மைனஸை முதல்ல கழட்டுங்க!" என்று மாடியிலிருந்து கத்தினேன்.

"தெரியும்டி!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

பேட்டரியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடி ஏறினார். வேர்த்து ஊற்றியது. அதற்குள் நான் இரண்டு அடாப்டர்களின் ஒயரையும் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தேன். "ஐயையோ, அமெரிக்காவுல இருந்து வந்தது!" என்று அலறினார். ஒயரின் தோலைப் பல்லால் உரித்தேன். இரண்டு கம்பியில் எது பிளஸ்? மாற்றிக் கொடுத்தால் பெட்டி போய்விடும். செருகும் முனையின் நடுப்பகுதிதான் பிளஸ் என்று அடாப்டரில் படம் போட்டிருந்தது. எந்தக் கம்பி அந்த நடுப்பகுதிக்குப் போகிறது என்றுதான் தெரிய வேண்டும். எங்கள் பலகையில் கார்டு அறுந்தால் டெக்னீஷியன் வருவதற்குள் நாங்களே டார்ச் பல்பை வைத்துப் பார்ப்போம். தலையிலிருந்து கொண்டை ஊசியைப் பிடுங்கி முனையின் நடு ஓட்டையில் விட்டேன். ஊசிக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் நடுவில் ஒரு டார்ச் செல், ஒரு பல்பு. ஒரு கம்பியில் எரியவில்லை. வெள்ளைக் கோடு போட்ட கம்பியில் எரிந்தது. இரண்டு ஒயர்களிலும் அப்படியே.

வெள்ளைக் கோட்டைப் பிளஸ்ஸில், மற்றதை மைனஸில் சுற்றினேன். முதலில் மோடம். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு பெட்டி. அது சிமிட்டியது, சிமிட்டியது, நின்றது. ரிசீவரைக் காதில் வைத்தேன். அந்த வழவழப்பான முனகல் இருந்தது. கூடத்தில் மின்விசிறி இல்லை, அவிழ்ந்த தலையோடு நான், தரையில் கார் பேட்டரி, பக்கத்தில் கைவிசிறியோடு என் கணவர். யாராவது வந்து பார்த்திருந்தால் வைத்தியம் பார்க்க அழைத்துப் போயிருப்பார்கள்.

வைத்தேன். ரிசீவரைக் கீழே வைத்த கை எடுப்பதற்குள் மணி அடித்தது.

"அம்மா!" மூச்சு வாங்கியது அவளுக்கு. "எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா? ரிங்கே போகல. நீ இல்லையோன்னு..."

"இருக்கேன்டி. இங்கயேதான் இருக்கேன். லைன்ல இரு."

மூன்றரை மணி நேரம் லைனில் இருந்தாள். நேரம் முடிந்தது என்று சொல்ல நடுவில் யாரும் வரவில்லை. என்ன பேசினேன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. மூச்சை இழு, விடு என்றேன். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொன்னேன். அப்பாவின் காரைப் பிரித்த கதையைச் சொன்னதும் வலிக்கு நடுவில் சிரித்தாள். கத்தினாள், என்னையும் அவள் புருஷனையும் சேர்த்துத் திட்டினாள். என் இடது காது பழுத்துவிட்டது, வலது காதுக்கு மாற்றினேன். நடுவில் கரண்ட் வந்தது. "பேட்டரியைக் கழட்டிடவா?" என்று மெல்லக் கேட்டார் இவர். நான் பார்த்த பார்வையில் விசிறியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

கடைசியில் அங்கே பல குரல்கள் ஒன்றாகக் கேட்டன. ரிசீவர் எதன்மேலோ விழுந்தது. பிறகு சத்தமே இல்லை. லைன் செத்தால் வரும் மௌனம் வேறு, லைன் இருந்து ஆள் பேசாமல் இருந்தால் வரும் மௌனம் வேறு. இது இரண்டாவது. இவர் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

யாரோ ரிசீவரை எடுத்துக் கொடுக்கும் சத்தம். என் மகளின் குரல் கந்தலாக வந்தது. ஆனால் மூக்கால் பேசியது, சல்லடை முன்னால் உட்கார்ந்து பேசிய அதே குரல்.

"மேடம், பார்ட்டி லைன்ல இருக்காங்க. பேசுங்க."

ஒரு குழந்தை வீல் என்று அழுதது. சாவியைத் தள்ளிவிட்டு விலக வேண்டிய இடம் அது. நான் விலகவில்லை. அந்தக் கால் எனக்கு வந்தது.